சென்னையில் எங்கே ஓடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மந்தைவெளியில் குடியிருக்கிறேன். முப்பத்தெட்டு வயதில் ஓட ஆரம்பித்தேன், இப்போது ஒன்பதாவது வருடம். எங்கள் குடியிருப்பிலோ ஆபீசிலோ சொந்தத்திலோ யாராவது "நானும் ஓடலாம்னு இருக்கேன்" என்று கிளம்பினால் என்னிடம்தான் வருவார்கள், கேட்பதும் திரும்பத் திரும்ப இதே கேள்விகள்தான். வாட்ஸ்அப்பில் ஆளாளுக்குத் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்ததை எல்லாம் சேர்த்து இங்கே வைத்திருக்கிறேன். தென் சென்னை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், நான் தினமும் ஓடுவது அந்தப் பக்கம்.

ஒரே ஒரு இடம் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

மெரினா. ஆனால் விடிவதற்கு முன்னால் இருக்கும் மெரினா.

இந்த ஊரில் ஓட இடமே இல்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்பதுதான். நாலே முக்காலுக்கு வாசலை விட்டு இறங்கிப் பாருங்கள், கச்சேரி சாலை காலியாக இருக்கும், லஸ் காலியாக இருக்கும், கடற்கரைச் சாலையில் எப்போதாவது ஒரு பால் வண்டி போகும். எட்டு மணிக்கு அதே தெருவில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. அதனால் கீழே நான் எந்த இடத்தைச் சொன்னாலும் அதோடு ஒரு நேரத்தையும் சேர்த்துப் படியுங்கள். இடத்தைவிட நேரம்தான் இங்கே பெரிய விஷயம்.

மெரினாவில் எங்கே ஆரம்பித்து எங்கே திரும்புவது?

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது காந்தி சிலையிலிருந்து உழைப்பாளர் சிலை வரை. ஏறக்குறைய 2 கி.மீ. போய்த் திரும்பினால் நாலு. ஏற்றம் இறக்கம் கிடையாது, குறுக்கே சிக்னல் கிடையாது, மூச்சு வாங்கினால் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்.

அதற்கு மேல் ஓடுபவர்கள் வடக்கே நேப்பியர் பாலத்தைத் தொட்டுவிட்டு தெற்கே கலங்கரை விளக்கம் வரை வருவார்கள். ஒரு பக்கம் சுமார் மூன்றரை கி.மீ. வரும். நேப்பியர் பாலம் 1869இல் கட்டியது, 2022 செஸ் ஒலிம்பியாட் சமயத்தில் முழுக்கக் கருப்பு வெள்ளைக் கட்டம் போட்டார்களே, அதுதான். பாலத்தின் மேல் கூவம் வாசனை வரும், மூச்சை அடக்காமல் வேகத்தைக் குறைத்துக் கடந்துவிடுங்கள். கலங்கரை விளக்கத்துக்கு அப்புறமும் தெம்பு இருந்தால் லூப் ரோடு வழியாகப் பட்டினப்பாக்கம் வரை போகலாம், இன்னும் சுமார் 2 கி.மீ. நேப்பியரில் கிளம்பிப் பட்டினப்பாக்கம் போய்த் திரும்பினால் பதினொன்று ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்கு எனக்கு இதைவிடப் பிடித்த வழி இந்த ஊரில் இல்லை.

எந்தத் தளத்தில் ஓடுவது என்றும் பலர் கேட்பார்கள். நடைபாதைக் கல் முழங்காலுக்குக் கெட்டி, மழை பெய்திருந்தால் வழுக்கும். அதை ஒட்டிப் போகும் உட்சாலையில் தார் தளம், அதுதான் காலுக்கு நல்லது, விடிகாலையில் அங்கே வண்டியும் குறைவு. கலங்கரை விளக்கம் பக்கம் மெட்ரோ வேலைக்காக அடைத்த இடங்களில் மட்டும் பார்த்துப் போங்கள். சிலைகளைக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்: பெரும்பாலானவை 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வரிசையாக வைத்தவை. நான் ஆரம்பித்த புதிதில் கைக்கடிகாரம், ஆப் எதுவும் இல்லாமல், ஒரு சிலை ஓடுவேன், ஒரு சிலை நடப்பேன். ஔவையார் வரை ஓட்டம், அடுத்த சிலை வரை நடை. இன்றைக்கும் புதியவர்களுக்கு அதையே சொல்லிக்கொடுக்கிறேன்.

லூப் ரோட்டில் மீன் கடைகள் இருக்குமே, ஓட முடியுமா?

முடியும், ஆனால் அது அவர்களுடைய வேலை இடம் என்பது மனதில் இருக்க வேண்டும். நொச்சிக்குப்பத்து மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள். சாலையோரத்தில் விற்றுக்கொண்டிருந்தவர்களுக்காக 2024இல் அங்கேயே நவீன மீன் அங்காடியும் திறந்திருக்கிறார்கள்.

ஐந்தே முக்கால் வாக்கில் அந்தப் பக்கம் போனால் ஃபைபர் படகுகள் கரை ஏறியிருக்கும். வலையைக் குவித்துப் போட்டு நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, கண்ணியில் மாட்டிய மீனை ஒவ்வொன்றாக விரலால் கழற்றிக்கொண்டிருப்பார்கள். மத்தி என்றால் சட்டென்று வந்துவிடும். நண்டு மாட்டியிருந்தால் கால் ஒடியாமல் எடுப்பதற்குப் பொறுமை வேண்டும், ஒரு நண்டுக்கு இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகும், நின்று பார்த்திருக்கிறேன். ஒருமுறை காதில் பாட்டு மாட்டிக்கொண்டு கவனமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தபோது ஓர் அக்கா எழுந்து நின்று, "பாத்துப் போம்மா, வலை கிடக்குது" என்று கையை நீட்டித் தடுத்தார். இன்னும் இரண்டு அடி வைத்திருந்தால் காலில் சுற்றியிருக்கும், எனக்கு அடிபடுவது ஒருபுறம், அவர்கள் வலையும் கிழிந்திருக்கும். அன்றோடு அந்தச் சாலையில் காதில் எதையும் மாட்டுவதில்லை. ஏழு மணிக்கு மேல் மீன் வாங்க வருபவர்களின் வண்டிகள் நெருக்கும், அதற்குள் திரும்பிவிடுங்கள்.

பெசன்ட் நகர் எப்படி?

அருமையான இடம், தூரம்தான் குறைவு. எலியட்ஸ் கடற்கரை நடைபாதையில் மட்டும் ஓடினால் போய்ப் போய்த் திரும்ப வேண்டியிருக்கும். அதனால் அங்கே ஓடுபவர்கள் உள்ளே இருக்கும் அவென்யூக்களையும் சேர்த்துச் சுற்றுவார்கள். மர நிழல் உள்ள தெருக்கள், வெயில் ஏறின பிறகும் ஓரளவு தாங்கும். அஷ்டலட்சுமி கோயில் ஒரு முனை, வேளாங்கண்ணி மாதா கோயில் ஒரு முனை என்று வைத்துக்கொண்டால் வழி தவறாது.

2023 நவம்பரில் தொடங்கிய "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தில் சென்னைக்கான 8 கி.மீ. நடைபாதையும் இந்தப் பக்கம்தான். அப்போது சுகாதார அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியன் தானே மாரத்தான் ஓடுபவர், டோக்கியோவில் பார்த்த 8 கி.மீ. பாதை போல இங்கேயும் மாவட்டத்துக்கு ஒன்று வேண்டும் என்று கொண்டுவந்தது அது. தூரத்தை அளக்கத் தெரியாதவர்களுக்கு, எதுவரை போகலாம் என்று தெரியாமல் தயங்குபவர்களுக்கு, இப்படி ஒரு குறித்த பாதை ரொம்ப உதவி.

மணலில் நிற்கும் வெள்ளை வளைவைப் பலரும் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம் அது. 1930இல் கடலில் சிக்கிய ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டேனிஷ் மாலுமி. அந்தக் கடலின் இழுவை இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஓடி முடித்த சூட்டில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இறங்கிக் குளிக்க வேண்டாம்.

உடைந்த பாலத்துக்கு ஓடிப் போகலாமா?

அடையாறு முகத்துவாரத்தில் 1967இல் கட்டி 1977இல் உடைந்த பாலம். காட்சி நன்றாக இருக்கும், ஆனால் இருட்டில் போகாதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். நாலைந்து பேராக, வெளிச்சம் வந்த பிறகு போனால் சரி.

மணலில் வெறுங்காலோடு ஓடினால் நல்லது என்கிறார்களே?

ஈர மணல், அதுவும் குறைவாக, அதுவும் பழகின பிறகு. காய்ந்த மணலில் கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் இழுக்கும் இழுப்பு மறுநாள்தான் தெரியும். கரையோரம் கடலைப் பார்த்துச் சரிந்திருப்பதால் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு பக்க இடுப்பு வலிக்கும், போன தூரமே திரும்பியும் வாருங்கள். கண்ணாடித் துண்டு, தூண்டில் முள் எல்லாம் கிடக்கும் என்பதால் நான் செருப்பில்லாமல் நடப்பேன், ஓட மாட்டேன்.

ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைப் பத்திரப்படுத்துகிறது. விடிகாலை மணலில் டிராக்டர் போன மாதிரி ஒரு தடம் கடலிலிருந்து மேலே வந்து திரும்பியிருந்தால் அது தாய் ஆமை வந்து போன தடம். அதை மிதிக்காமல் சுற்றிப் போங்கள், ஆமையே இருந்தால் செல்போன் வெளிச்சம் அடிக்காதீர்கள். நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். முட்டையிட்டு முடித்துக் கடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது, அந்த முப்பது அடியைக் கடக்க அதற்கு நெடுநேரம் ஆனது, நாங்கள் மூன்று பேர் பேசாமல் நின்றோம். அன்றைக்கு ஓட்டம் அவ்வளவுதான், அதற்கு மேல் ஓடத் தோன்றவில்லை.

பூங்காக்களில் ஓட விடுவார்களா?

மாநகராட்சிப் பூங்காக்கள் பெரும்பாலும் ஐந்து மணி வாக்கில் திறந்துவிடும். மெதுவாக ஓடுவதை யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பாதை நடப்பவர்களுக்காகப் போட்டது, அதில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். ஒரு தாத்தா கைத்தடியோடு போகும்போது பின்னாலிருந்து திடீரென்று காலடிச் சத்தம் கேட்டால் அவர் திடுக்கிட்டுத் திரும்புவார், திரும்பும்போதுதான் விழுவார்கள். பத்தடிக்கு முன்பே "அங்கிள், வலதுபக்கம் வரேன்" என்று குரல் கொடுங்கள். எல்லோரும் எந்தத் திசையில் சுற்றுகிறார்களோ அதே திசையில் சுற்றுங்கள். வேகப் பயிற்சியைப் பூங்காவில் வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு லஸ்ஸில் நாகேஸ்வரராவ் பூங்கா. அமிர்தாஞ்சன் நிறுவனரின் பெயர் தாங்கியது. சின்னப் பூங்கா, ஒரு சுற்று சீக்கிரம் முடிந்துவிடும், ஐந்து கி.மீ. ஓட வேண்டுமென்றால் தலை சுற்றும். ஆனால் முதல் ஒரு மாதம் நடைக்கும் மெல்லோட்டத்துக்கும் இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. நான் ஆரம்பித்ததே அங்கேதான். தினமும் பார்க்கிற முகங்கள், நாலு நாள் வராவிட்டால் "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்காகவே மறுநாள் எழுந்து போயிருக்கிறேன். தி. நகரில் இருப்பவர்களுக்கு நடேசன் பூங்கா அதே மாதிரி.

சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்கா கொஞ்சம் பெரியது, பதினாலு ஏக்கருக்கு மேல். பழைய பெயர் நேப்பியர் பூங்கா. அண்ணா சாலைப் பக்கம் வேலை பார்ப்பவர்கள் காலையில் முடித்துவிட்டு நேராக ஆபீஸ் போகலாம்.

செம்மொழிப் பூங்காவும் தொல்காப்பியப் பூங்காவும் வேறு வகை. கதீட்ரல் சாலையில் 2010இல் திறந்த செம்மொழிப் பூங்கா 20 ஏக்கர் தாவரவியல் பூங்கா, கட்டணம் உண்டு, செடி கொடி பார்த்து நடக்கத்தான் சரி. சாந்தோம் பக்கம் அடையாறு உப்பங்கழியை மீட்டு 58 ஏக்கரில் அமைத்த தொல்காப்பியப் பூங்கா 2011இல் வந்தது, புதுப்பித்து 2025இல் மறுபடி திறந்தார்கள். குப்பை மேடாகக் கிடந்த இடத்தில் இன்றைக்குப் பறவைகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. அங்கே போய் வேர்க்க விறுவிறுக்க ஓடுவதைவிட, ஓய்வு நாளில் மெதுவாக நடந்து வருவது மேல்.

அண்ணா நகர்ப் பக்கம்?

டவர் பார்க். 15 ஏக்கர், நல்ல மரங்கள். 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய 135 அடி கோபுரம் 2011இலிருந்து பூட்டிக் கிடந்து 2023இல்தான் மறுபடி திறந்தது. ஓடி முடித்த பிறகு கோபுரம் ஏறிப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால், முதல் மாதம் வேண்டாம், மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும். சனி ஞாயிறு கூட்டம் அதிகம், வார நாளில் போங்கள். பக்கத்தில் ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்கா மெட்ரோ நிலையத்துக்கு மேலேயே இருக்கிறது. மெட்ரோ வேலைக்காகப் பல வருடம் மூடியிருந்து திரும்பக் கிடைத்த பூங்கா, அந்தப் பகுதி மக்கள் அதற்காக எவ்வளவு காத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும், என் அத்தை வீடு அங்கேதான்.

ஏரிக்கரையில் ஓட ஆசை. எங்கே போகலாம்?

நகருக்குள் என்றால் சேத்துப்பட்டு ஏரிப் பூங்கா. 2016இல் திறந்தது, மீன்வளத் துறையுடையது. ஏரியைச் சுற்றிப் பாதை, நடுவில் தண்ணீர், கீழ்ப்பாக்கத்தின் நடுவே இப்படி ஓர் இடமா என்று முதல் தடவை போகிற எல்லோரும் கேட்பார்கள். மேற்கே இருப்பவர்களுக்குப் போரூரில் 2024இல் திறந்த ஈரநிலப் பசுமைப் பூங்கா.

பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டி 2021இல் திறந்த சூழல் பூங்காவில் நடைபாதை இருக்கிறது. 2022இல் அந்தச் சதுப்புநிலத்துக்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. குளிர்காலத்தில் பூநாரைகள் நிற்கும். பெருங்குடி குப்பைக் கிடங்கு பக்கத்திலேயே இருப்பதால் காற்று திசை மாறினால் புகையும் நாற்றமும் வரும், ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதிரி நாளில் திரும்பிவிடுங்கள். வேளச்சேரி, மடிப்பாக்கத்துக்காரர்களுக்கு வீட்டுப் பக்கத்தில் கிடைத்திருக்கும் பொக்கிஷம் அது. சத்தம் போடாமல் ஓடுங்கள்.

வட சென்னையை விட்டுவிட்டீர்களே?

விடவில்லை, சொல்வதற்குக் குறைவாகத்தான் இருக்கிறது, அதுதான் வருத்தம். பெரம்பூரில் முரசொலி மாறன் பூங்கா நன்றாக இருக்கும், காலையில் நிறையப் பேர் வருகிறார்கள். ராயபுரத்தில் அறிஞர் அண்ணா பூங்கா, 1949இல் திமுக தொடங்கப்பட்ட இடமான ராபின்சன் பூங்கா என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதேதான். கொளத்தூர்க்காரர்கள் ரெட்டேரிப் பக்கம் ஓடுகிறார்கள். கடல் அங்கேயும் இருக்கிறது, ஆனால் எண்ணூர் விரைவுச் சாலை முழுக்க கன்டெய்னர் லாரி, அதன் ஓரமாக ஓடுங்கள் என்று யாருக்கும் சொல்ல எனக்கு மனம் வராது. தண்டையார்பேட்டையில் இருக்கும் என் தோழி ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து மெரினா வருகிறாள். கடலை வீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடுவதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டியிருக்கிறது. மெரினாவுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கு காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் போனால் அங்கே எத்தனை பிள்ளைகள் ஓடுவார்கள்!

காட்டுக்குள் மண் பாதையில் ஓட முடியுமா?

நகருக்குள் இருக்கிற காடு எல்லாம் வேலிக்குள் இருக்கிறது, அப்படி இருப்பதுதான் சரி. கிண்டி தேசியப் பூங்கா 270 ஹெக்டேர், அதற்குள் ஓட்டம் கிடையாது. ஐஐடி வளாகத்தில் புள்ளிமானும் வெளிமானும் திரியும், அங்கே படிப்பவர்களோ வேலை செய்பவர்களோ உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு அந்தப் பாக்கியம். தியசாபிகல் சொசைட்டி ஆலமரம் பார்க்கப் போகும் இடம், ஓடப் போகும் இடம் அல்ல. மண் பாதை வேண்டுமென்றால் உங்கள் பகுதி விளையாட்டுத் திடலைத் தேடுங்கள். கிரிக்கெட் பையன்கள் ஆறு மணிக்கு வருவதற்குள் ஓரமாகப் பத்துச் சுற்று ஓடிவிடலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தாரைவிட மண் எவ்வளவோ மேல்.

ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை)?

ஞாயிறு விடிகாலை சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள், ஓடுபவர்களும் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் ராத்திரி முழுக்க விழித்துவிட்டுத் திரும்பும் கார்களும் அதே சாலையில்தான் வரும். வண்டி வரும் திசையைப் பார்த்து ஓடுங்கள், பளபளக்கும் பட்டை வைத்த சட்டை போடுங்கள், தனியாக வேண்டாம். கோவளம் வரை காரில் போய், சுத்தமான கடற்கரை என்று 2021இல் நீலக்கொடிச் சான்று வாங்கிய அந்தக் கடற்கரையில் ஓடித் திரும்புவது அதைவிட நிம்மதி.

எத்தனை மணிக்கு ஓடுவது? சாயங்காலம் கூடாதா?

ஜூன் முதல் வாரத்தில் ஐந்தே முக்காலுக்கு முன்பே சூரியன் வந்துவிடும், ஜனவரி கடைசியில் ஆறரை தாண்டும். நான் வருடம் முழுக்க சூரிய உதயத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னால் கிளம்புவேன், அந்தக் கணக்கு என்னைக் கைவிட்டதில்லை.

இந்த ஊரில் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும். மே மாதம் விடியலிலேயே 28, 29 டிகிரி இருக்கும், காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை காயாது. காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காயாமல் வழிந்துகொண்டே இருந்தால் தண்ணீரும் உப்பும் போகிறதே தவிர சூடு இறங்காது. பெங்களூரில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் இங்கே வந்து அதே வேகத்தில் ஓடப் பார்த்து மயங்கி உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஏப்ரல் முதல் ஜூன் வரை வேகத்தை மறந்துவிடுங்கள், பக்கத்தில் வருபவரிடம் பேசிக்கொண்டே ஓட முடிந்தால் அதுதான் உங்கள் வேகம். தலை சுற்றினால், குளிர்வது போல் மயிர் சிலிர்த்தால், உடனே நின்று நிழலுக்குப் போய்த் தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றுங்கள். பேச்சு குளறினால் தாமதிக்காமல் 108.

சாயங்காலம் ஓடலாம், கடல் காற்று இருக்கும், ஆனால் மெரினாவில் சுண்டல் வண்டிக்கும் குடும்பங்களுக்கும் நடுவே ஓட முடியாது. தெருக்களிலும் வண்டிப் புகை. வேறு நேரமே இல்லாதவர்கள் இரவு எட்டரைக்கு மேல் பெசன்ட் நகர் உள்தெருக்களை முயற்சி செய்யலாம்.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தூறலில் ஓடுவது சுகம், தேங்கிய தண்ணீரில் ஓடுவது ஆபத்து. தண்ணீருக்கு அடியில் மூடி இல்லாத குழி இருக்கிறதா, அறுந்த மின்கம்பி கிடக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. காலில் சிறு காயம் இருந்தால் எலிக்காய்ச்சல் வரவும் வழி உண்டு. முட்டிக்கால் அளவு தண்ணீர் என்றால் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்குங்கள். ஒருமுறை ஒரு பூங்காவில் மழைக்குப் பின் பெயர்ந்திருந்த கல்லில் கால் வைத்துக் கணுக்கால் பிசகி ஆறு வாரம் படுத்திருந்தேன், அதனால் சொல்கிறேன். மழை விட்டு மார்கழி பிறந்ததும் வரும் இரண்டு மாதம்தான் இந்த ஊர் நமக்குத் தரும் பரிசு. கோலம் போடுபவர்களும் திருப்பாவையும் வழியெல்லாம் துணைக்கு வர மாட வீதிகளில் ஓடிப் பாருங்கள். கோலத்தை மிதிக்காமல்.

தெரு நாய் துரத்தினால்?

ஓடாதீர்கள், நில்லுங்கள். கண்ணைப் பார்க்காமல், கையை உடம்போடு ஒட்டி, மெதுவாகப் பக்கவாட்டில் நகருங்கள். கல்லை எடுப்பது போல் குனிந்தாலே பல நாய்கள் விலகும், உண்மையில் எறிய வேண்டியதில்லை. ஒரே வழியில் தினமும் போனால் அவற்றுக்கு உங்களைப் பழகிவிடும். கடித்துவிட்டால், கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போடுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். எல்லாத் தவணையும் முடிக்க வேண்டும், பாதியில் விடக் கூடாது.

பெண்கள் தனியாக ஓடலாமா?

இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள், நான் நேராகவே பதில் சொல்கிறேன். ஐந்து மணிக்கு மெரினாவில், பெசன்ட் நகரில், பெரிய பூங்காக்களில் தைரியமாக ஓடலாம், எங்களைப் போல நிறையப் பேர் இருப்பார்கள். வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேரும் அந்த ஒரு கி.மீ.தான் பிரச்சினை. நான் முதல் வருடம் பக்கத்துத் தெரு அக்கா ஒருவரோடு சேர்ந்து நடந்து போவேன். அவர் நடை, நான் ஓட்டம், திரும்பும்போது சேர்ந்து வருவோம். செல்போனில் காவல் உதவி செயலியைப் போட்டு வையுங்கள், 112, 181 இரண்டு எண்ணும் மனப்பாடமாக இருக்கட்டும். யாராவது வண்டியில் பின்தொடர்ந்தால் கோயில் வாசலோ டீக்கடையோ பால் பூத்தோ, விளக்கும் ஆளும் இருக்கும் இடத்துக்குப் போய் நின்றுவிடுங்கள்.

என்ன உடுத்துவது என்றும் கேட்பார்கள். உங்களுக்கு எது வசதியோ அது. சுடிதாரோடு பத்து கி.மீ. ஓடுபவர்கள் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள். துப்பட்டாவை மட்டும் இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். ஷூ நன்றாக இருந்தால் போதும், மாலையில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது கடைக்குப் போய் விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்குங்கள்.

கழிவறை?

இதை முதலில் பார்த்து வைத்துக்கொள்ளாமல் நீண்ட ஓட்டம் போகாதீர்கள், முக்கியமாகப் பெண்கள். விடிகாலையில் பொதுக் கழிவறை பல பூட்டியிருக்கும். இரண்டு மூன்று தடவை நடந்து போய் எது திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓடுகிற பெண்களை எனக்குத் தெரியும், அது வேண்டவே வேண்டாம்.

என்ன குடிப்பது, என்ன சாப்பிடுவது?

கிளம்புமுன் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு வாழைப்பழம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் என்றால் கையில் உப்புச் சர்க்கரைக் கரைசல். முடித்த பிறகு உப்புப் போட்ட நீர்மோர், இல்லையென்றால் இளநீர். பூங்கா வாசலில் அருகம்புல் சாறு, வாழைத்தண்டுச் சாறு, முடக்கத்தான் சூப் விற்பார்கள். பிடித்தால் குடியுங்கள், எந்தத் தண்ணீரில் போடுகிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஓடக் கூடாது, டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

குழுவில் சேரலாமா? மாரத்தான் எப்போது?

சேருங்கள். சென்னை ரன்னர்ஸ் அமைப்புக்குப் பகுதிவாரியாகக் குழுக்கள் இருக்கின்றன, புதியவர்களைக் கூட்டிக்கொண்டு மெதுவாக ஓட எப்போதும் யாராவது இருப்பார்கள். சென்னை மாரத்தான் ஜனவரியில் வரும், குளிர்காலம் முழுக்க அதற்கான பயிற்சிதான் கடற்கரைச் சாலையில் நடக்கும். ஜூலையில் நடக்கும் ட்ரீம் ரன்னர்ஸ் அரை மாரத்தானில் சேரும் பணம் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்தப் போகிறது. நான் ஓடிய முதல் 21 கி.மீ. அதுதான். வழியில் செயற்கைக் காலோடு ஓடிக்கொண்டிருந்த ஒரு தம்பி என்னைக் கடந்து போகும்போது "வாங்கக்கா, இன்னும் ரெண்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சரி, நாளைக்கே ஆரம்பிக்கிறேன். முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

இன்று இரவு ஒன்பதரைக்குப் படுங்கள். சாவி, பத்து ரூபாய்த் தாள் நாலு, தண்ணீர் பாட்டில், ஷூ, சாக்ஸ் எல்லாம் வாசல் பக்கம் எடுத்து வையுங்கள். ஐந்து மணிக்குக் காந்தி சிலை. நாலு நிமிடம் நடை, ஒரு நிமிடம் மெல்லோட்டம், இப்படி ஐந்து தடவை. மொத்தம் இருபத்தைந்து நிமிடம், அதற்கு மேல் முடியும் என்று தோன்றினாலும் நிறுத்திவிடுங்கள். பிறகு மணலில் இறங்கிக் கடலைப் பார்த்து உட்காருங்கள், சூரியன் மேலே வரும்வரை. நாளை மறுநாள் ஓய்வு. அதற்கு அடுத்த நாள் அதே இடம், அதே நேரம், நானும் அந்தப் பக்கம்தான் இருப்பேன்.